குருத்தணுவின் முகமும் முகவரியும்

மாணவப் பருவத்தில் எலும்பு மஜ்ஜைத் தடவலை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்த்த அன்று, இதில் இரத்தக் குருத்தணு எது என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் கண்ணாடித் தகட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே ஒவ்வொன்றாகக் காட்டினார்: மடல் மடலாகப் பிரிந்த உட்கருவுடன் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள், உட்கருவை இழக்கக் காத்திருக்கும் இளம் சிவப்பணுக்கள், மற்றவற்றைச் சிறிதாக்கிவிட்டு நடுவே அமர்ந்திருக்கும், தட்டணுக்களைத் தரும் மெகாகேரியோசைட். கடைசியில், "குருத்தணுவை மட்டும் என்னால் காட்ட முடியாது, நீ இதுவரை பார்த்த லிம்போசைட் என்ற சிறிய வெள்ளணுக்களில் ஒன்றே அதுவாகவும் இருக்கலாம்" என்றார். விடை தெரியாததால் மழுப்புகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அவர் சொன்னதுதான் சரியான விடை என்பதும், அந்த விடையைச் சுற்றியே ஒரு துறை நூறாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது என்பதும் பின்னர் படித்தபோதுதான் விளங்கியது.

ஸ்டெம் செல் என்று பொதுவாக வழங்கும் குருத்தணுவுக்குத் தனக்கென்று ஒரு தோற்றம் இல்லை. சிவப்பணுவுக்கு ஹீமோகுளோபின் இருக்கிறது, வெள்ளணுக்கள் பலவற்றுக்குத் துகள்கள் இருக்கின்றன. குருத்தணுவிடமோ, இனி ஆகப்போவதைத் தவிர வேறு அடையாளம் எதுவும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இரத்தத்தின் எல்லா வகைச் செல்களையும் தோற்றுவிக்க வேண்டும், அதே நேரத்தில் தன்னைப் போன்ற இன்னொரு குருத்தணுவையும் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு திறன்களே அதன் வரையறை. வளர்ந்த மனிதரின் உடல் ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. சுமார் 120 நாள் வாழ்ந்து மடியும் அந்தச் செல்களுக்கு உட்கரு இல்லாததால் அவை தாமாகப் பெருகவும் முடியாது. ஆகவே வாழ்நாள் முழுவதும் தீர்ந்துபோகாத ஊற்று ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒரு செல்லைப் பார்த்த மாத்திரத்தில் அதன் எதிர்காலத் திறனை எப்படி அளப்பது என்பதுதான் சிக்கல்.

ஊற்று எந்த உறுப்பில் இருக்கிறது என்பது ஓரளவு விரைவாகவே தெரிந்துவிட்டது. 1868-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் நாய்மானும் இத்தாலியின் ஜூலியோ பிட்சொட்செரோவும் எலும்பு மஜ்ஜையே இரத்தம் உருவாகும் இடம் என்று காட்டினார்கள். அதுவரை அதை எலும்பின் உள்ளே தேங்கிய கொழுப்பு என்ற அளவில் விட்டுவைத்திருந்தவர்கள் பலர். எல்லா இரத்த அணுக்களுக்கும் பொதுவான ஒரு மூதாதைச் செல் உண்டு என்று 1909-இல் அலெக்சாண்டர் மாக்சிமோவ் வாதிட்டார். ஆனால் அதை மெய்ப்பிக்கும் வழி அவரிடம் இல்லை. சாயமேற்றிய தகடு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது ஒரு நொடியின் படம் மட்டுமே.

வழியைத் திறந்தது கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் குண்டுவீச்சுக்குத் தப்பியவர்களில் பலர் சில வாரங்களுக்குள் மஜ்ஜை செயலிழந்து இறந்ததைக் கண்ட பிறகு, அந்தச் சிதைவைத் தடுக்க முடியுமா என்று சுண்டெலிகளில் ஆராயத் தொடங்கினார்கள். 1949-இல் லியான் ஜேக்கப்சன், சுண்டெலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டு உடலின் மற்ற பகுதிகளில் உயிர்போக்கும் அளவு கதிர்வீச்சைச் செலுத்தியபோது அது பிழைத்துக்கொண்டது. 1951-இல் எகன் லோரென்ஸ் குழுவினர், கதிர்வீச்சுக்குப் பின் மஜ்ஜையை ஊசி மூலம் ஏற்றினாலும் விலங்கு பிழைக்கிறது என்று காட்டினார்கள். காப்பாற்றியது மஜ்ஜையிலிருந்து கசிந்த ஏதோ ஒரு வேதிப்பொருளா, அல்லது உயிருள்ள செல்களா என்ற சச்சரவு சில ஆண்டுகள் நீடித்தது. அடையாளம் காணத்தக்க மாறுபட்ட குரோமோசோம் கொண்ட சுண்டெலியின் மஜ்ஜையைப் பயன்படுத்தி, ஏற்றப்பட்ட செல்களே புதிய உடலில் குடியேறிப் பெருகியிருக்கின்றன என்று 1956-இல் காட்டிய பின்னரே அது ஓய்ந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி டொராண்டோவில் நிகழ்ந்தது. இயற்பியலிலிருந்து வந்த ஜேம்ஸ் டில்லும் மருத்துவரான எர்னஸ்ட் மெக்கல்லாக்கும் குருத்தணுவைத் தேடிப் புறப்பட்டவர்கள் அல்லர்; மஜ்ஜைச் செல்கள் எவ்வளவு கதிர்வீச்சைத் தாங்கும் என்று அளப்பதே அவர்கள் நோக்கம். கதிர்வீச்சுக்கு உள்ளான சுண்டெலிகளுக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் மஜ்ஜைச் செல்களை ஏற்றிவிட்டுப் பத்து நாட்கள் கழித்துப் பார்த்தபோது, மண்ணீரலில் வெறுங்கண்ணுக்கே தெரியும் கட்டிகள் எழும்பியிருந்தன. அவற்றை எண்ணிப் பார்த்தால், ஏற்றிய செல்களின் எண்ணிக்கை இரட்டித்தபோது கட்டிகளும் இரட்டித்தன; ஏறத்தாழ பத்தாயிரம் செல்களுக்கு ஒரு கட்டி. நேர்கோட்டில் அமைந்த அந்த வரைபடம், ஒவ்வொரு கட்டியும் ஒரே ஒரு செல்லிலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று குறிப்பாலுணர்த்தியது. அந்த அளவீடு 1961-இல் வெளியானது. கதிர்வீச்சால் தனித்தனி விதமாக உடைந்த குரோமோசோம்களை அடையாளமாக வைத்து, ஒரு கட்டியில் உள்ள செல்கள் யாவும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் என்று 1963-இல் ஆண்ட்ரூ பெக்கரும் அவர்களும் உறுதிசெய்தார்கள். அதே ஆண்டில் லூயி சிமினோவிச்சுடன் சேர்ந்து, ஒரு கட்டியைப் பிரித்தெடுத்து வேறு சுண்டெலிக்கு ஏற்றினால் மீண்டும் கட்டிகள் எழும்புவதையும் கண்டார்கள். இதனால், கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லை அது விட்டுச்செல்லும் குடும்பத்தைக் கொண்டு எண்ணலாம் என்றாயிற்று.

எனினும் அந்தக் கட்டியை உண்டாக்கிய செல் உண்மையான குருத்தணு அன்று. எட்டாம் நாளில் காணப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை சில நாட்களில் மறைந்துபோகின்றன என்றும், பன்னிரண்டாம் நாளில் இருப்பவை வேறு செல்களிலிருந்து எழுந்தவை என்றும் 1982-இல் தெரியவந்தது. அதாவது அவை ஊற்றிலிருந்து சில படிகள் கீழே வந்துவிட்ட முன்னோடிச் செல்கள். பத்து நாள் சோதனை பத்து நாள் திறனைத்தான் காட்டும் என்பது இப்போது எளிதாகத் தோன்றுகிறது. வாழ்நாள் முழுவதும் இரத்தம் தரும் செல்லை அறிய வேண்டுமானால், சோதனையும் அதற்கேற்ப நீள வேண்டும். இன்று சுண்டெலிகளில் குறைந்தது நான்கு மாதங்கள் காத்திருந்து, எல்லா வகை இரத்த அணுக்களும் தொடர்ந்து வருகின்றனவா என்று பார்த்து, அந்த மஜ்ஜையை மீண்டும் இரண்டாவது சுண்டெலிக்கு மாற்றி, அங்கும் அது நிலைத்த பின்னரே குருத்தணு இருந்தது என்று எழுதுகிறார்கள். இறந்தகாலத்தில் எழுதுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சோதித்த செல் அதற்குள் பிரிந்து பெருகி, அதன் பழைய வடிவில் எங்கும் இல்லாமல் போயிருக்கும்.

இத்தகைய செல்லை முன்கூட்டியே பிரித்தெடுக்க முடியுமா என்ற கேள்விக்கு ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் ஹெர்சன்பெர்க் உருவாக்கிய செல் பிரிப்புக் கருவியும், 1975-இல் ஜார்ஜஸ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும் கண்டறிந்த, குறிப்பிட்ட ஓர் இலக்கை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒற்றைவகை ஆன்டிபாடிகளை உண்டாக்கும் நுட்பமும் துணைநின்றன. செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதங்களில் ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடிகளை ஒட்டவைத்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிட்டு, நிறத்தைப் பார்த்துப் பிரிப்பதுதான் முறை. 1988-இல் ஜெரால்ட் ஸ்பான்குரூட், ஷெல்லி ஹைம்ஃபெல்ட், இர்விங் வைஸ்மன் ஆகியோர் முதலில் வேண்டாதவற்றை ஒதுக்கினார்கள்: முதிர்ந்த இரத்த அணுக்களுக்குரிய புரதங்களைத் தாங்கிய செல்கள் யாவும் நீக்கப்பட்டன. எஞ்சியவற்றில் ஸ்கா-1 என்ற புரதமும், கூடவே குறைந்த அளவில் தை-1 என்ற புரதமும் கொண்டவை பிரிக்கப்பட்டன. மஜ்ஜையில் இரண்டாயிரத்தில் ஒன்று என்ற அளவே கிடைத்த அந்தச் செல்களில் முப்பதை மட்டும் ஏற்றினால், கதிர்வீச்சால் இறக்கவேண்டிய சுண்டெலிகளில் பாதி பிழைத்துக்கொண்டன. 1996-இல் ஹிரோமிட்சு நகாவுச்சியின் குழு ஒரே ஒரு செல்லை ஏற்றி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு சுண்டெலியில் எல்லா வகை இரத்த அணுக்களும் நீண்டகாலம் அந்தச் செல்லிலிருந்து உருவாவதைக் காட்டியது. ஒன்று என்ற எண்ணுக்கு இந்தத் துறையில் தனி மதிப்பு உண்டு. முப்பது செல்களில் எது வேலை செய்தது என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை.

அந்த 1996 ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. மனிதரில் குருத்தணுக்களைப் பிரிக்க, கர்ட் சிவின் 1984-இல் அறிவித்த சிடி34 என்ற புரதத்தையே எல்லோரும் நம்பியிருந்தார்கள்; இன்றும் மருத்துவமனைகளில் எண்ணப்படுவது அதுதான். வளர்ந்த சுண்டெலியின் குருத்தணுவிலோ சிடி34 மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. ஒரே வேலையைச் செய்யும் செல்லுக்கு இரண்டு விலங்குகளில் இரண்டு அடையாள அட்டைகள். இதைப் படித்தபோது, இந்தப் புரதங்களை அடையாளம் என்று சொல்வதைவிட ஒட்டுச்சீட்டு என்று சொல்வதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. அவை குருத்தணுவைக் குருத்தணுவாக ஆக்குபவை அல்ல, நம் வசதிக்கு அகப்பட்டவை. மனிதக் குருத்தணுவை ஒற்றைச் செல் அளவில் பிரிக்க, ஜான் டிக்கின் குழு சிடி49எஃப் என்ற புரதத்தைச் சேர்த்துக்கொண்டு வெற்றிபெற 2011 வரை ஆயிற்று. அதற்கும் சோதனைக்களம், மாற்று உடலின் செல்லை எதிர்க்காதபடி நோய் எதிர்ப்பாற்றல் நீக்கப்பட்ட சுண்டெலியின் உடல்தான்.

இத்தனையும் செல்லை வீட்டிலிருந்து வெளியே இழுத்து வந்து விசாரிக்கும் முறைகள். மஜ்ஜையை எலும்பிலிருந்து வழித்தெடுத்து நீர்மமாக்கிக் கருவிக்குள் செலுத்திய அந்தக் கணமே, அந்தச் செல் எங்கே, யாருக்குப் பக்கத்தில் இருந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. இடமும் முக்கியம் என்று முதலில் அழுத்திச் சொன்னவர் ரே ஸ்கோஃபீல்ட். மண்ணீரல் கட்டிகளை உண்டாக்கும் செல்கள் மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களைப் போல நீடித்து உழைப்பதில்லை என்ற அதே குறைபாட்டிலிருந்து 1978-இல் அவர் ஒரு கருத்தை வந்தடைந்தார்: குருத்தணுவின் குணம் அதற்குள் மட்டும் இல்லை, அதைச் சூழ்ந்துள்ள செல்கள் சேர்ந்து அமைக்கும் குறிப்பிட்ட இடத்திலும் இருக்கிறது, அந்த இடத்தை விட்டு நகரும் வழித்தோன்றல், வேறு இடம் கிடைக்காவிட்டால் முதிர்ந்து வேறொன்றாகிவிடும். அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லுக்குச் சுவரில் பொருள் வைப்பதற்கென்று விடப்படும் குழி என்பதே முதற்பொருள். தமிழில் அதற்கு மாடம் என்ற சொல் ஆயத்தமாகவே இருக்கிறது. வாழிடம், நுண்சூழல் என்பவற்றைவிட அது துல்லியமானது என்பதால் இங்கே அதையே பயன்படுத்துகிறேன்.

மாடம் எங்கே என்ற கேள்விக்கு முதல் விடை 2003-இல் வந்தது. ஒரே இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள், எலும்பின் உட்பரப்பில் எலும்பை உருவாக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் பெருகினால் குருத்தணுக்களும் பெருகுகின்றன என்று கண்டன. அவற்றில் ஒன்று, குருத்தணுக்கள் எலும்புச் சுவரை ஒட்டியே இருப்பதைப் படமெடுத்தும் காட்டியது. அந்தப் படத்தில் குருத்தணு எது என்று எப்படி அறிந்தார்கள் என்பதில்தான் சிக்கல் இருந்தது. குருத்தணு அரிதாகவே பிரியும். ஆகவே டிஎன்ஏவில் கலக்கும் அடையாளப் பொருள் ஒன்றைக் கொடுத்துவிட்டு நெடுநாள் கழித்துப் பார்த்தால், அதை நீர்த்துப்போகாமல் வைத்திருப்பது குருத்தணுவாக இருக்கும் என்ற எண்ணம் அதற்கு அடிப்படை. ஷான் மாரிசனின் குழு 2007-இல் இதை அளந்து பார்த்தபோது, அடையாளத்தைத் தக்கவைத்திருந்த இரத்தவழிச் செல்களில் குருத்தணுக்கள் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு. குருத்தணுக்களில் அதைத் தக்கவைத்தவையும் 6 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆள் மாறிப்போனால் முகவரியும் மாறத்தானே செய்யும். எலும்புச் சுவர் என்ற விடை பாடநூல்களில் ஏறிவிட்ட பிறகு வந்த இந்தத் திருத்தம் அதே வேகத்தில் பரவவில்லை என்பது என் வருத்தம்; இன்றும் பல விளக்கப்படங்களில் குருத்தணு எலும்போடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆளையும் இடத்தையும் ஒரே தகட்டில் பார்க்க வழிசெய்தது, அதே குழு 2005-இல் கண்ட மிக எளிய ஒரு சேர்க்கை. அதுவரை ஏழெட்டு ஆன்டிபாடிகளைக் கூட்டிக் கழித்துப் பிரித்துவந்த செல்லை, ஸ்லாம் என்ற புரதக் குடும்பத்தின் சிடி150 இருக்க வேண்டும், அதே குடும்பத்தின் சிடி48-உம் அதற்கு வெளியே உள்ள சிடி41-உம் இருக்கக் கூடாது என்ற அளவிலேயே ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற துல்லியத்துடன் பிரிக்க முடிந்தது. நிறங்கள் குறைந்ததால் மஜ்ஜையைக் கலைக்காமல் மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியிலேயே தேட முடிந்தது. அங்கே பெரும்பாலான குருத்தணுக்கள், சைனுசாய்டு எனப்படும் மெல்லிய சுவருடைய அகன்ற இரத்த நாளங்களை ஒட்டி இருந்தன. எலும்பின் உட்பரப்பில் சிலவே. 2015-இல் எலும்பையே ஒளி ஊடுருவும்படி தெளியவைத்து, வெட்டாமல் முப்பரிமாணத்தில் பார்த்தபோது, ஏறத்தாழ 85 விழுக்காடு குருத்தணுக்கள் சைனுசாய்டிலிருந்து 10 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் இருந்தன.

இந்த எண்ணைக் கண்டதும் முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் மஜ்ஜை முழுவதும் சைனுசாய்டுகள் அவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளியை அங்கே வைத்தாலும் அது ஏதாவதொரு நாளத்தின் அருகேதான் விழும். குருத்தணுவின் பரவலை இத்தகைய குருட்டுப் புள்ளிகளின் பரவலோடு ஒப்பிட்டுத்தான் அருகாமைக்குப் பொருள் சொல்ல வேண்டும் என்று பின்வந்த ஆய்வுகள் வலியுறுத்தியதை நான் முழுமனதுடன் ஏற்கிறேன். சிறு தமனிகளின் அருகேதான் உறங்குநிலைக் குருத்தணுக்கள் இருக்கின்றன என்று 2013-இல் பால் ஃபிரனெட்டின் குழு சொன்னதும், அதை மற்றவர்கள் மறுத்ததும் இந்த ஒப்பீட்டைச் சுற்றி எழுந்த வழக்குதான். ஆகவே என்னைப் பொறுத்தவரை வலுவான சான்று படங்களில் இல்லை, 2012-இல் லெய் டிங்கும் மாரிசனும் செய்த மரபணுச் சோதனையில் இருக்கிறது. குருத்தணு உயிர்வாழத் தேவையான எஸ்சிஎஃப் என்ற புரதத்தின் மரபணுவை ஒவ்வொரு வகைச் செல்லிலிருந்தும் தனித்தனியே நீக்கிப் பார்த்தார்கள். ஆஸ்டியோபிளாஸ்ட்டிலிருந்து நீக்கியபோது குருத்தணுக்களுக்கு ஒன்றும் நேரவில்லை. நாளத்தின் உட்சுவர்ச் செல்களிலிருந்தும், நாளத்தைச் சூழ்ந்து நிற்கும், லெப்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பி கொண்ட செல்களிலிருந்தும் நீக்கியபோது அவை குறைந்துபோயின. பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைவிட, யார் சோறு போடுகிறார் என்பது மாடத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது.

மாடம் மஜ்ஜையில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கருவில் இந்தச் செல்கள் பெருந்தமனியின் உட்சுவரிலிருந்தே உருண்டு திரண்டு வெளிவருகின்றன, பின்னர் கல்லீரலில் தங்கிப் பெருகுகின்றன, அதன் பிறகே எலும்புக்குள் குடிபுகுகின்றன. பிறக்கும்போது எல்லா எலும்புகளிலும் இருக்கும் செம்மஜ்ஜை, வளர்ந்தவரில் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா, மண்டையோடு போன்றவற்றில் சுருங்கி நிற்கிறது. மீன்களுக்கோ இரத்தம் சிறுநீரகத்தில் உருவாகிறது. வரிக்குதிரை மீனின் சிறுநீரகத்துக்கு மேலே குடை பிடித்தாற்போல் படர்ந்திருக்கும் கரிய நிறமிச் செல்கள், உள்ளேயுள்ள குருத்தணுக்களைப் புறஊதாக் கதிரிலிருந்து காக்கின்றன என்று 2018-இல் வெளியான ஆய்வைப் படித்த நாளில் வேறு வேலை எதுவும் எனக்கு ஓடவில்லை.

அதே 2018-இல் வந்த மற்றொரு ஆய்வு, செல்லை இடம்மாற்றாமலே அதன் வரலாற்றைப் படித்தது. ஒவ்வொரு குருத்தணுவும் வாழ்நாளில் சேர்த்துக்கொள்ளும் டிஎன்ஏ பிழைகளை, மச்சங்களைப் போல அடையாளமாக வைத்து, 59 வயதான ஒருவரின் இரத்தத்துக்கு வம்சாவளி வரைந்தார்கள். அவருடைய இரத்தத்தை 50,000 முதல் 2,00,000 வரையிலான குருத்தணுக்கள் உருவாக்கிவருகின்றன என்ற மதிப்பீடு கிடைத்தது. செல்லை வேறு உடலுக்கு மாற்றும் சோதனைகள், நெருக்கடியில் தள்ளப்பட்ட செல் எதைச் செய்ய வல்லது என்று காட்டுகின்றன. அது தன் மாடத்தில் இருந்தபடி அன்றாடம் எதைச் செய்கிறது என்பதற்கு இத்தகைய கணக்குகளே விடை சொல்லும்.

மாடத்தை விட்டுச் சில குருத்தணுக்கள் எப்போதும் இரத்தத்தில் இறங்கி, சில நிமிடங்களே சுற்றிவிட்டு மீண்டும் வேறொரு மஜ்ஜையில் அமர்கின்றன என்று 2001-இல் சுண்டெலிகளில் காட்டப்பட்டது. அவற்றை மாடத்தில் பிடித்துவைக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தின் பிடியை மருந்தால் தளர்த்தி, கொடையாளியின் இடுப்பெலும்பைத் துளைக்காமல் கையின் இரத்தக்குழாயிலிருந்தே செல்களைச் சேகரிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. சேகரித்த பையில் சிடி34 உள்ள செல்கள் எத்தனை என்று எண்ணி, பெறுபவரின் உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த 20 லட்சத்தில் மிகச் சிலவே உண்மையான குருத்தணுக்கள். பெறுபவரின் இரத்தக்குழாயில் ஏற்றியதும் அவை யாரும் வழிகாட்டாமலே மஜ்ஜையைக் கண்டடைகின்றன. ஓரிரு வாரங்களில் வெள்ளணுக்கள் ஏறத் தொடங்குகின்றன, ஆனால் அவற்றைத் தருபவை பெரும்பாலும் முன்னோடிச் செல்களே. பையில் இருந்தவற்றுள் குருத்தணு எது என்று அன்று யாராவது கேட்டிருந்தால், என் ஆசிரியர் சொன்ன விடையைத்தான் அங்கிருந்தவர்களும் சொல்லியிருக்க வேண்டும். அது இருந்ததா என்பது, மாதங்கள் கழிந்தும் அந்த இரத்தம் குன்றாமல் ஊறிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே தெரியவரும்.